ஒன்பது பட்டாணிச் செடிகள்

இமயத்தின் உட்புறத்தில், எட்டு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஓர் ஊருக்கு மேலே ஒரு தமிழ் மடம் இருந்தது. மடம் என்றதும் மண்டபத்தையும் தூண்களையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று அறை, ஓர் அடுப்பு, இரண்டு பேர்.

குரு அகிலாண்டம்மாளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் வைத்திலிங்கத்துக்கு அறுபத்து மூன்று. மன்னார்குடிப் பக்கம் நாற்பது வருஷம் நெல் போட்டவர். விவசாயத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்போடு மலையேறியிருந்தார். விதைத்ததெல்லாம் கருகிப்போன இரண்டு கோடைகள் அந்த நினைப்பைக் கரைத்துவிட்டிருந்தன.

வைகாசிக் கடைசியில் வருஷத்தின் முதல் லாரி வந்தது. அரிசி, பருப்போடு, மடத்தை நடத்தும் அறக்கட்டளையின் கடிதமும் வந்தது.

'ஒரு காயும் விளையாத இடத்தில் மடம் எதற்கு? ஆவணிக் கடைசியில் செயலாளர் வருவார். அவர் சாப்பிடும் தட்டில் மடத்துத் தோட்டத்துக் காய் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மடத்தைப் பூட்டிவிட்டு ஊர் வந்து சேரவும்.'

வைத்திலிங்கம் ஜன்னல் வழியே பார்த்தார். தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குப் பனி.

“அம்மா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க ஐயா.”

“வேண்டாம் வேண்டாம்னு இந்த மலையே சொல்லுது. வந்ததை ஏத்துக்கறதுதானே ஞானம்? நாம ஏன் மல்லுக்கு நிக்கறோம்?”

அகிலாண்டம்மாள் எழுந்தார். அடுப்படிக்குப் போய்ச் சாம்பலைக் கூடையில் அள்ளிக்கொண்டார். வெளியே வந்து, விதை தெளிப்பதுபோலக் கையை வீசி, வெள்ளைப் பனிமேல் அதைத் தூவினார். கூடை காலியானதும் கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடிதத்தைப் படித்த கோபம் போலிருக்கிறது என்று வைத்திலிங்கம் நினைத்துக்கொண்டார். ஊரில் கோயில் பிராகாரம் பெருக்கும் திருப்பணியை ஒருநாளும் விடாதவர் அவர். அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சரிவிலிருந்து சுத்தமான பனியை வெட்டி வெட்டிக் கொண்டுவந்து, கறுத்த இடத்தையெல்லாம் மூடிவிட்டார்.

“எப்படி இருக்கு அம்மா?”

“பளிச்சுன்னு இருக்கு. ரெண்டு நாள் போச்சு.”

“எது போச்சு?”

“வெள்ளையா இருந்தா வெயில் அப்படியே திரும்பிப் போயிடும். கறுப்பா இருந்தாத்தான் உள்ளே இறங்கிப் பனியை உருக்கும். கீழே எல்லா வீட்டுலயும் இப்படித்தான் செய்யறாங்க, இந்த வருஷந்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இங்கே பயிர் நிக்கற நாள் மொத்தம் எண்பது. அதுல ரெண்டு நாளைச் சுத்தம் பண்ணிட்டீங்க.”

வைத்திலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று சாம்பல் கூடையை அவரே தூக்கினார். மேலே சரிவெல்லாம் வெள்ளையாகக் கிடக்க, மடத்துத் தோட்டம் பத்தே நாளில் மண்ணைக் காட்டியது.

ஆனியில் வெந்தயமும் புதினாவும் பீன்ஸும் பட்டாணியும் போட்டார்கள். ஓடைத் தண்ணீரில் கைவைத்தால் விரல் மரத்துப்போகும். அதைக் குடம் குடமாக வெயிலில் வைத்துச் சூடேற்றித்தான் செடிக்கு ஊற்றினார் வைத்திலிங்கம். சாயங்காலம் ஆனால் பாத்திகளுக்குச் சாக்கு போர்த்தினார். ஆடியில் வெந்தயக்கீரை சாப்பிட்டார்கள். ஆவணியில் பட்டாணி காய்த்து, காய்களும் திரண்டன. மனுஷன் செடிகளோடு பேசவே ஆரம்பித்துவிட்டார்.

செயலாளர் வர மூன்று நாள் இருக்கும்போது உறைபனி விழுந்தது.

காலையில் சாக்கை எடுத்தால் அது பலகைபோல விறைத்திருந்தது. பீன்ஸ் எல்லாம் வெந்த கீரையாகத் தொங்கியது. புதினா கறுத்துவிட்டது. வைத்திலிங்கம் பாத்தி நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அகிலாண்டம்மாள் ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். பட்டாணிப் பாத்தியில் நின்றார்.

“ஐயா, இங்கே வாங்க.”

நானூறு செடியில் ஒன்பது மட்டும் காயோடு பச்சையாக நிமிர்ந்து நின்றன.

“ஒரு கூட்டுக்குத் தேறும்மா! மடம் பிழைச்சுது!” என்று வைத்திலிங்கம் கூடை எடுக்க ஓடினார்.

அவர் திரும்பி வருவதற்குள் ஒன்பதையும் வேரோடு பிடுங்கி, உள்ளே உத்தரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார் அகிலாண்டம்மாள்.

“காயட்டும். இது விதைக்கு.”

செயலாளர் சபாநாயகம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நல்ல மனிதர்தான். சோறும் பருப்பும் ஊறுகாயும் வைத்த தட்டைப் பார்த்தார்.

“தோட்டத்துக் காய்?”

“பனி தின்னுடுச்சு.”

அவர் அண்ணாந்து பார்த்தார். “அதோ தொங்குதே!”

“அது விதை.”

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “ஒரே ஒரு பிடி வேக வைங்கம்மா. சாப்பிட்டேன்னு எழுதிட்டுப் போயிடறேன். இந்த இடத்தைப் பூட்டணும்னு எனக்கு மட்டும் ஆசையா என்ன?”

வைத்திலிங்கம் போய்ச் சட்டியை எடுத்து வந்தார். அகிலாண்டம்மாள் அதை அவர் கையிலிருந்து வாங்கி, தரையில் கவிழ்த்து வைத்தார்.

“உறைபனிக்கே அசராத செடிங்க. ஒரு கடுதாசிக்குப் பயந்து இதை அடுப்புல ஏத்த மாட்டேன்.”

“அப்போ காய் இல்லைன்னுதான் எழுதணும்.”

“உள்ளதை எழுதுங்க.”

எழுதினார். ஐப்பசிக்குள் சாவியை அனுப்பிவிடச் சொன்னார். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வைத்திலிங்கத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குரு என்பதும் மறந்துவிட்டது.

“ஒரு பிடிம்மா! ஒரு பிடிப் பட்டாணிக்கு மடத்தையே விட்டுட்டீங்களே! இனி இந்த விதையைத் தூக்கிக்கிட்டு எங்கே போறது?”

“எங்கேயும் போகலை. கீழ்வீட்டுல ஆட்டுக்கொட்டகை ஒண்ணு காலியா இருக்கு, கேட்டு வச்சிருக்கேன். பக்கத்துலயே ஒரு துண்டு நிலமும் சும்மா கிடக்கு.”

“அங்கேயும் பனி வருமே!”

அகிலாண்டம்மாள் ஒரு காயைப் பிளந்து, ஆறு பட்டாணியை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“வரட்டும் ஐயா. இந்த வருஷம் ஒம்பது செடி எதிர்த்து நின்னுச்சு. அடுத்த வருஷம் ஒம்பது பாத்தி நிக்கும். அதுக்கு அடுத்த வருஷம், பனி யோசிச்சுட்டுத்தான் விழணும்.”