துள்ளன் திருடிய மருந்து

பாதி மலையில் இருந்த தாமரைக் குளத்தருகே செவ்வந்தி என்றொரு முயல் இருந்தது. பாவம், அதற்குச் சிறுநீரகம் பழுது. உடம்பில் ரத்தம் ஊறச் செய்யும் சாறு சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அது குறைந்துபோனதால் செவ்வந்தி வெளிறிப்போனது. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கியது.

மலைக்கு அந்தப் பக்கம் வாழ்ந்த கரடிகள் அதே சாற்றைக் குகையில் தயாரிக்கக் கற்றிருந்தன. முள்ளம்பன்றி வைத்தியர் ஒரு மூங்கில் குழல் நிறைய அதை வாங்கி வந்தார். வாரம் ஒருமுறை தன் முள்ளாலேயே செவ்வந்திக்கு ஊசி போட்டார். அதற்கு முன்னால் அதன் ரத்தத்தில் ஒரு சொட்டை இலையில் விட்டுச் சாய்த்துப் பார்ப்பார். சொட்டு தண்ணீராய் ஓடினால்தான் ஊசி. மெல்ல நகர்ந்தால் அந்த வாரம் ஊசி கிடையாது.

இரண்டே மாதத்தில் செவ்வந்தி குளத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டது!

இதைத் துள்ளன் என்ற மான் பார்த்தது. போன வருடம் மலையேறும் பந்தயத்தில் அதற்கு இரண்டாம் இடம். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"வைத்தியரே, எனக்கும் ஒரு ஊசி போடுங்களேன்."

"உனக்கு என்னப்பா குறை? கல்லு மாதிரி இருக்கே. ரத்தத்தை இதுக்கு மேலே கூட்டினா கூழாயிடும். போய் ஒழுங்கா ஓடிப் பழகு."

நல்ல வார்த்தை சொன்னால் யார் கேட்கிறார்கள்? வைத்தியர் கிழங்கு தோண்டப் போன நேரம் பார்த்துத் துள்ளன் குழலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கீழே கிடந்த முள் ஒன்றை எடுத்துத் தினமும் குத்திக்கொண்டது. ஊசி போடுவதைத்தான் அது பார்த்திருந்தது. இலையைச் சாய்ப்பது எதற்கென்று அது யோசிக்கவே இல்லை.

ஒரு மாதம் போனது. கரடிகளின் அடுத்த சாறு தயாராக ஒரு மாதம் ஆகும் என்பதால் வைத்தியர் குழலைக் காடெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். மருந்தில்லாமல் செவ்வந்தி மறுபடி வளையோடு முடங்கியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துள்ளன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பந்தயம் தொடங்கியது. துள்ளன் எல்லோரையும் முந்திப் பறந்தது. பாதி மலையில் தலை வெடிப்பதுபோல் வலித்தது. மூச்சு வாங்கியது, கால் மரத்தது. செவ்வந்தியின் வளைக்கு எதிரிலேயே பொத்தென்று விழுந்தது. மற்றவர்கள் வெகு தூரம் பின்னால் இருந்தார்கள்.

கத்தக்கூட செவ்வந்திக்குத் தெம்பில்லை. ஆனால் முயலுக்குப் பின்னங்கால் உண்டே! மூச்சு முட்ட முட்டத் தரையைத் தட்டியது. அந்தச் சத்தம் கேட்டு வைத்தியர் ஓடி வந்தார்.

துள்ளனின் ரத்தத்தில் ஒரு சொட்டை இலையில் விட்டுச் சாய்த்தார். அது நகரவே இல்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முள்ளால் கீறிக் கொஞ்சம் ரத்தத்தை இறக்கினார், தண்ணீர் புகட்டினார். சாயங்காலம் துள்ளன் கண் திறந்தது. பக்கத்தில் செவ்வந்தி துவண்டு கிடந்தது.

"அக்கா, உன் மருந்தை நான்தான் திருடினேன்."

"தெரியும். வழியெல்லாம் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனியே."

"அப்புறம் ஏன் என்னைக் காப்பாத்துனே?"

"மூச்சு வாங்கினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

துள்ளன் அழுதுவிட்டது. வைத்தியர் சொன்னார்: "குழல் காலி. கரடிக் குகைக்கு நான் நடந்து போய் வரப் பத்து நாள் ஆகும். செவ்வந்தி தாங்குவாளோ என்னவோ."

ஐந்தாம் நாள் காலை துள்ளனின் சொட்டு இலையில் மெல்ல நகர்ந்தது. வைத்தியர் தலையசைத்ததுதான் தாமதம், துள்ளன் கரடிக் குகைக்குக் கிளம்பிவிட்டது. கை தட்ட ஒருவரும் இல்லை. ஊசியும் இல்லை, சொந்தக் கால்தான். மறுநாள் பொழுது சாய்வதற்குள் குழலோடு வந்து நின்றது.

அடுத்த வருடப் பந்தயத்திலும் துள்ளனுக்கு இரண்டாம் இடம்தான். எல்லையில் நின்று சந்தோஷமாகக் குதித்த செவ்வந்திக்கு மூச்சே வாங்கவில்லை.

நோயாளிக்கு உயிர் கொடுக்கும் மருந்தை நோயில்லாதவர் ஆசைக்கு எடுத்தால், அவர் உயிருக்கும் ஆபத்து, நோயாளியின் உயிருக்கும் ஆபத்து.