புஷ்பகலா சொன்ன காற்றுகள்

"டீச்சர், 'கெட் விண்ட்'ன்னா என்ன அர்த்தம்?"

கேட்டவர் சுயம்புலிங்கம். ஆரல்வாய்மொழியில் செங்கல் சூளை மேஸ்திரி. ஐம்பதைத் தொடப்போகும் வயதில், தோளில் துண்டோடு, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வகுப்பு வாசலில் நின்றிருந்தார்.

இவாஞ்சலின் டீச்சருக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். மலையடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில், வெளிநாடு போகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்தார். எந்த வார்த்தைக்கும் வாயால் அர்த்தம் சொல்லமாட்டார் என்று ஊரில் பேச்சு. சேர்ந்தவர்களில் பாதிப் பேர் ஒரே வாரத்தில் நின்றுவிடுவார்கள். மிச்சப் பேருக்கு இங்கிலீஷ் வந்துவிடும்.

"ஃபோன்ல போட்டுப் பாக்கலியா?"

"பாத்தேன். 'காற்றைப் பெறு'ன்னு சொல்லுது."

டீச்சர் சிரிக்கவில்லை.

"யார் சொன்ன வார்த்தை?"

"என் வீட்டுக்காரி."

புஷ்பகலா நர்ஸ். ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, மரம் அதிகம் முளைக்காத ஒரு தீவில், முதியோர் இல்லத்தில் வேலை. போய் மூன்று வருஷம் ஆகிறது. போகவேண்டாம் என்று சுயம்புலிங்கம் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. "போனா போனதுதான். பொறவு அது கஷ்டம், இது கஷ்டம்னு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது" என்று கிளம்புகிற அன்றைக்குச் சொன்னார். அப்புறம் திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரைக்கும் பேசாமலே கூடப் போனார்.

தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். சாப்பிட்டாச்சா என்பார். ஆச்சு என்பாள். அங்க எப்படி என்பார். காத்து என்பாள். ஒருநாள் கேல் என்பாள், ஒருநாள் கஸ்ட், எப்போதாவது ப்ரீஸ். இவர் 'ம்' என்பார். அவ்வளவுதான். ரெண்டு மாசமாக வீடியோவிலும் முகம் காட்டுவதில்லை. சிக்னல் எடுக்கவில்லை என்றாள்.

முந்தாநாள் பேச்சின் நடுவில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தணிந்த குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். சுயம்புலிங்கத்துக்குக் காதில் பிடிபட்டது ரெண்டே சங்கதி. ஒன்று 'ஹிம்'. அது தன்னைப் பற்றித்தான் இருக்கவேண்டும். இன்னொன்று இந்த 'கெட் விண்ட்'.

"காத்தைப் பத்தி அவ பேசல்ல டீச்சர். குரல் அப்படி இல்ல."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார்.

"மத்த வார்த்தையெல்லாம் தெரியுமா? கேல், கஸ்ட்?"

"எல்லாம் காத்துதானே."

"அப்போ கேல்ல இருந்து ஆரம்பிப்போம்."

"சரி. கேல்ன்னா என்ன?"

"நான் கேலைப் பாத்ததில்ல. பாத்த ஆள் உங்க வீட்லயே இருக்காங்க. கேட்டுட்டு வாங்க."

சுயம்புலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். ஊர்ப் பேச்சு சரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் சாயங்காலம் கேட்டார்.

"கேல்ன்னா என்ன?"

மூன்று வருஷத்தில் அவர் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான்."

"கேல் அடிச்சா கப்பல் வராது. கப்பல் வரலன்னா கடையில பாலு இருக்காது, ரொட்டி இருக்காது. காரைத் தொறந்தா கதவு பிச்சிட்டுப் போயிரும்."

அவள் நிறுத்தினாள். அவர் 'ம்' போடவில்லை. அதனால் தொடர்ந்தாள்.

"எங்க இல்லத்துல ஒரு கிழவி உண்டு. மத்த நாள்ல பேரு கேட்டாக்கூடச் சொல்லத் தெரியாது. கேல் அடிக்க அன்னைக்கு மட்டும் தானா எழும்பி, நல்ல உடுப்பு போட்டு, கடல் பக்கத்து ஜன்னல்ல போய் உக்காந்துரும்."

"எதுக்கு?"

"புருசன் மீன் பிடிக்கப் போயிருக்காராம். அவரு செத்து நாப்பது வருஷமாச்சு."

சுயம்புலிங்கம் ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

மறுநாள் டீச்சர் கேட்டார்.

"கேல்ன்னா என்ன?"

"ஒரு கிழவி நல்ல உடுப்பு உடுத்திட்டு ஜன்னல்ல உக்காந்திருக்கது."

டீச்சர் தலையசைத்தார்.

"அப்ப கெட் விண்ட்?"

"இன்னும் இல்ல."

சுயம்புலிங்கம் வகுப்பில் சேர்ந்துகொண்டார். புரட்டாசி கடைசி. சூளையில் வேலை குறைந்திருந்தது. நர்சிங் முடித்த பெண்களுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில் உட்காருவார். அவருக்கு மட்டும் காற்று வார்த்தைகள்.

ஒருநாள் டீச்சர் ஜன்னலையெல்லாம் அடைத்தார். கதவைச் சாத்தினார். ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி அவர் கையில் கொடுத்து, கதவின் கீழ்ப்பக்கம் கொண்டுபோகச் சொன்னார்.

சுயம்புலிங்கம் குனிந்தார். அடைத்த அறைக்குள் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து துடித்தது.

"ட்ராஃப்ட்" என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலம் சுயம்புலிங்கம் கேட்டார்.

"உன் ரூம்ல ட்ராஃப்ட் உண்டா?"

"இந்த வார்த்தையெல்லாம் யாரு சொல்லித் தாறா?"

"உண்டா இல்லியா?"

"உண்டு. கதவுக்கு அடியில ஒரு சேலையைச் சுருட்டி வெச்சிருக்கேன்."

"எந்தச் சேலை?"



"மயில்கழுத்துக் கலரு."

தலைதீபாவளிக்கு அவர் நாகர்கோவிலில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த சேலை.

"அதையா தரையில போட்டிருக்கே?"

"கொண்டு வந்ததுல அதுதான் கனம். அதுதான் காத்துக்கு நிக்கி."

அவருக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டுக் கதவின் கீழே கையை வைத்துப் பார்த்தார். உள்ளங்கையில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. இத்தனை வருஷம் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் வகுப்பையே மலைமேல் கூட்டிக்கொண்டு போனார். பாதி ஏறுவதற்குள் சுயம்புலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. பாறையைப் பிடித்துக்கொண்டு உட்காரப்போனார்.

"உக்காராதீங்க. நடங்க."

"நெஞ்சு அடைக்கி டீச்சர்."

"மெதுவா நடங்க. நிக்காதீங்க."

நடந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. இனி ஓர் அடி முடியாது என்று நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, என்னவோ நெஞ்சுக்குள் கதவு திறந்த மாதிரி மூச்சு லேசானது. கால் தானாக ஏறியது. பெண்களைத் தாண்டிப் போய் முன்னால் நின்றார்.

"இதுக்குப் பேரு செகண்ட் விண்ட்" என்றார் டீச்சர்.

அதை அப்படியே புஷ்பகலாவிடம் சொன்னார். மலை ஏறியது, இருட்டிக்கொண்டு வந்தது, பிறகு லேசானது எல்லாம். வாயோயாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு இன்னும் அது வரல்ல" என்றாள் கடைசியில்.

"எது?"

"ரெண்டாவது மூச்சு. மூணு வருஷமாச்சு. இன்னும் மொத மூச்சுதான் வாங்கிட்டு இருக்கு."

சொல்லிவிட்டு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் சுயம்புலிங்கம் வகுப்பு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் போனார்கள். வெளியே காற்று வெறித்தனமாக அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கதவு படபடவென்று மோதியது.

"டீச்சர். அவ எங்கிட்ட எதையோ மறைக்கா."

"ம்."

"அவளுக்கு அங்க வேற வாழ்க்கை ஆயிட்டுதோன்னு கெடக்கு. நான் இல்லாத வாழ்க்கை. அதைத்தான் எனக்குத் தெரியாம வெச்சிருக்காளோ?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் ஜன்னல் கதவு நின்றது. வெளியே சட்டென்று எல்லாம் அடங்கியது. டீச்சர் சொல்லவந்ததை விட்டுவிட்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு லாரி போவது கேட்டது. யார் வீட்டிலோ பாத்திரம் விழுவது கேட்டது. பிறகு கதவு மறுபடி படபடத்தது.

"லல்" என்றார் டீச்சர். "ரெண்டு காத்துக்கு நடுவுல வர்றது. மத்த நேரம் கேக்காததெல்லாம் அதுல கேக்கும்."

அவர் வாயால் அர்த்தம் சொல்லி சுயம்புலிங்கம் கேட்டது அது ஒன்றுதான்.

"கெட் விண்டுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும்" என்றார் டீச்சர். "முதல் நாளே தெரியும். வேணும்னா இப்போ சொல்றேன்."

சுயம்புலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் படியேறி வந்தார். அது இப்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வேண்டாம் டீச்சர். அவளே சொல்லட்டும்."

அன்று சாயங்காலம் சாப்பிட்டாச்சா என்று அவர் கேட்கவில்லை.

"புஷ்பம். 'கெட் விண்ட்'ன்னா என்ன?"

பேச்சில்லை. அவரும் பேசவில்லை. அந்த அமைதிக்குள் அவளுடைய ஊர்க் காற்று எதையோ உரசிக்கொண்டு போகும் சத்தம் அவருக்குக் கேட்டது.

"எங்க கேட்டிய?"

"நீ சொன்னதுதான். ஃபோனைக் கவுத்து வெச்சிட்டு."

"அதுக்குத்தான் இங்கிலீஷ் படிக்கியளா?"

"மொதல்ல அதுக்குத்தான் போனேன்."

"இப்போ?"

"நீ இருக்கப்பட்ட இடம் வெளங்கணும்லா."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"மறைச்சு வெச்ச சங்கதி ஒருத்தர் காதுக்கு எட்டுததுக்கு அப்படிச் சொல்லுவாவ. உங்க காதுக்கு எட்டப்பிடாதுன்னு கூட வேலை பாக்கவகிட்ட சொன்னேன்."

"என்ன சங்கதி?"

அழைப்பு துண்டானது. உடனே மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை வீடியோ.

முகம் மெலிந்திருந்தது. தலை பின்னாமல் கிடந்தது. அவள் ஃபோனைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். வலது கையைத் துணித் தூளியில் நெஞ்சோடு கட்டியிருந்தது.

"கஸ்ட்" என்றாள். "பஸ்சுக்கு நின்னேன். எங்கேருந்து வந்துதுன்னே தெரியல்ல, தூக்கி அடிச்சிட்டு. தோள் எலும்பு. ஆபரேஷன் பண்ணி கம்பி வெச்சிருக்காவ. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. கையை மேல தூக்க இன்னும் ஆறு மாசம் ஆகுமாம். இருந்த இடத்துல பாக்க மாதிரி வேலை தந்திருக்காவ. இப்ப ஊருக்கு வந்தா அதுவும் போயிரும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

"நீங்கதானே சொன்னிய. கஷ்டம்னு வந்து நிக்கப்பிடாதுன்னு."

சுயம்புலிங்கம் ஃபோனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"வலிக்கா?" என்றார்.

"காத்தடிச்சா வலிக்கும்."

"அங்க எப்பவும் காத்துதானே."

"ஆமா" என்றாள்.

அதற்குப் பிறகு சுயம்புலிங்கம் வகுப்புக்கு வரவில்லை. பாஸ்போர்ட், விசா என்று அலைவதாகப் பெண்கள் சொன்னார்கள். சூளையைத் தம்பி பொறுப்பில் விட்டிருக்கிறாராம்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். சட்டை மடிப்பு கலையவில்லை.

"நாளைக்குக் கெளம்புதேன் டீச்சர். அங்க ஏர்போர்ட்ல ஆபீசர் கேப்பானாம், எதுக்கு வந்தேன்னு. அதுக்கு ஒரு பதில் மட்டும் இங்கிலீஷ்ல சொல்லித் தாங்க."

"எதுக்குப் போறீங்க?"

"வீட்டுக்காரியப் பாக்க."

"அது எல்லாரும் சொல்றதுதான். நீங்க எதுக்குப் போறீங்க?"



"அவளுக்கு முடி நீளம் டீச்சர். ஒத்தக் கையால பின்ன முடியாது. பின்னிவிடப் போறேன்."

"உங்களுக்குப் பின்னத் தெரியுமா?"

"தெரியாது" என்றார்.