நூறு மெகாபிட் வரை

செங்காட்டு நாட்டில் அரண்மனை உண்டு. அரண்மனைக்குள் வைஃபையும் உண்டு. அந்நாட்டு மன்னர் வில்லவராயர் ஒருநாள் முரசறைவித்தார்: "இனி நாடெங்கும் மலிவு விலையில் செல்போன் இணையம். வேகம் நூறு மெகாபிட் வரை!" வாசகத்தை எழுதித் தந்தவர் தகவல்தொடர்பு அமைச்சர் மாதேவர்.

சில மாதம் கழித்து, கரடிமலையிலிருந்து சடைச்சி என்ற பெண் அவைக்கு வந்தாள்.

"ராசா, என் புருசனைப் பாம்பு கடிச்சிருச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சிக்னல் இல்லை. தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு மலையிறங்கினேன். பிழைச்சது சாமி புண்ணியம். ரீசார்ஜ் மட்டும் தவறாமப் பண்றோம்."

மன்னர் அமைச்சரைப் பார்த்தார்.

அமைச்சர் பதறவில்லை. "நூறு வரை என்றுதானே அறிவித்தோம், அரசே? பூஜ்யமும் அதற்குள் அடக்கம்."

மன்னருக்குச் சுருக்கென்றது. அவைப் புலவர் அங்கயற்கண்ணியை அழைத்தார்.

"புலவரே, அது என் முத்திரை பதித்த அறிவிப்பு. ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. ஆனால் இந்த அம்மாவுக்கு முழு வேகமும் கிடைத்தாக வேண்டும். வழி சொல்லும்."

"மாற்றவே வேண்டாம், அரசே. அமைச்சர் நல்ல தமிழில்தான் எழுதியிருக்கிறார். வரை என்றால் மலை. நூறு மெகாபிட் வரை என்றால், நூறு மெகாபிட் கிடைக்கும் மலை. கரடிமலைக்கு முழு நூறும் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்."

"நான் அந்தப் பொருளில் எழுதவில்லை!" என்றார் மாதேவர்.

"நீங்கள் எழுதிய பொருளில் நாங்களும் படிக்கவில்லை," என்றார் புலவர்.

மன்னர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாதேவரே, இன்றே கரடிமலைக்குப் புறப்படும். டவர் வைக்கும் வேலையை நேரில் நின்று பாரும்."

"அரசே... எவ்வளவு நாள் நிற்க வேண்டும்?"

மன்னர் புலவர் பக்கம் திரும்பினார்.

"நூறு வரும் வரை," என்றார் அங்கயற்கண்ணி.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கையில் கொடுத்தார். அமைச்சருக்குப் போர்வை ஒன்று கொடுத்தனுப்பினார். மலையில் குளிர் அதிகம்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே மலையிலிருந்து அமைச்சரின் வீடியோ அழைப்பு வந்தது. பின்னால் சடைச்சி யாரிடமோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அமைச்சருக்குத் தாடி வளர்ந்திருந்தது. படம் ஓரிடத்திலும் உறையவில்லை. தாடியில் எத்தனை முடி நரைத்திருக்கிறது என்று அவையோர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணினார்கள்.