இறக்கி விடு

"எம் பொண்ணு தவழவே மாட்டேங்குது, அம்மை" என்றான் மருதையன்.

வடிவம்மை ஆற்றங்கரை மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வீடு வாசலைத் துறந்து அந்த மண்டபத்தில் வந்து தங்கியவள். மருதையனைவிட வயதில் இளையவள்தான். ஆனாலும் அவளிடம் உபதேசம் வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு அவள் அம்மை.

"என்ன வயசு?"

"சித்திரை வந்தா ஒரு வருஷம். பக்கத்து வீட்டுப் பிள்ளை இவளுக்குப் பிந்திப் பிறந்தது, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இவ குப்புறக்கூட விழலை. வைத்தியர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துட்டு ஒரு குறையும் இல்லைங்கிறார். காத்தாயிகிட்ட சொல்லி அழுதேன். பெத்தவ பதறணுமா இல்லையா? அம்மையைப் போய்க் கேளுங்கிறா, அவ்வளவுதான். நீங்கதான் விபூதி மந்திரிச்சுத் தரணும்."

குழந்தை அவன் மார்போடு துண்டால் கட்டப்பட்டிருந்தது. கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் கட்டும்போதும் அப்படித்தான். சாப்பிடும்போதும் அப்படித்தான். வாரத்தில் மூன்று நாள் சந்தைக்குப் போகும்போது மட்டும், மாடுகளின் நெரிசலுக்குப் பயந்து தாயிடம் விட்டுப்போவான். மற்ற நாளில் காத்தாயி வாங்கித் தரையில் விடப்போனால் பாய்ந்து பிடுங்கிக்கொள்வான்.

காரணம் ஊருக்கே தெரியும். மூத்த பிள்ளை நடை பழகிய புதிதில், யாரும் கவனிக்காத நேரத்தில், தானாக நடந்துபோய்க் கொல்லைக் குளத்தில் இறங்கிவிட்டான். அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கியது மருதையன்தான்.

"இறக்கி விடு" என்றாள் அம்மை.

"இங்கேயா?"

மண்டபத்துக்கு ஆற்றுப் பக்கம் சுவர் கிடையாது. படிகள். படிகளை நனைத்துக்கொண்டு ஆறு.

"இங்கேதான்."

"தரை சில்லுனு இருக்கு, அம்மை."

அம்மை விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள். அருகில் வந்து துண்டின் முடிச்சை அவளே அவிழ்த்தாள். குழந்தையைத் தரையில் மல்லாக்கக் கிடத்தினாள்.

"நீ போய் அந்தக் கடைசித் தூண்கிட்ட உட்காரு."

"அழுவாளே!"

"அழட்டும்."

குரு சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. போய் உட்கார்ந்தான். அம்மை படிப் பக்கம் போனாள். ஒரு படி, இரண்டு படி கீழே இறங்கி, தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

குழந்தை அழவில்லை.

கூரையைப் பார்த்தது. ஒரு காலை மடக்கியது. இடுப்பைத் திருப்பியது. சட்டென்று குப்புற விழுந்தது.

மருதையன் தூணைப் பிடித்துப் பாதி எழுந்தான்.

குழந்தை தலையைத் தூக்கியது. கைகளை ஊன்றியது. பிறகு தவழத் தொடங்கியது. தட்டுத் தடுமாறி அல்ல. கிடுகிடுவென்று. வெயில் பட்டு மினுங்கிய தண்ணீரைப் பார்த்து.

"அம்மை!"

"உட்காரு."

"படி... படிக்குப் போறா!"

"எழுந்து ஓடி வந்தா பயந்து முன்னால பாய்வா. கூப்பிடு."

கூப்பிடு என்றதும் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மகளை அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மார்போடு கிடக்கிற பிள்ளையை எதற்குக் கூப்பிடுவது? கொஞ்சியிருக்கிறான், தாலாட்டியிருக்கிறான். பேர் சொல்லி அழைத்ததே இல்லை.

குழந்தையின் கை படியின் விளிம்பைத் தொட்டது.

"செவ்வந்தீ!"

அந்தக் குரல் யாருடையது என்று அவனுக்கே தெரியவில்லை. புறாக்கள் படபடத்து எழுந்தன.

குழந்தை நின்றது. திரும்பிப் பார்த்தது. எட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பனை, தலை முதல் கால் வரை, அது அப்போதுதான் முழுசாகப் பார்த்தது போலிருந்தது. சிரித்தது. அப்படியே திரும்பி, உள்ளங்கைகள் தரையில் பட்பட்டென்று அறைய, அவனை நோக்கி வந்தது. அவன் முழங்காலைப் பிடித்தது. வேட்டியைப் பற்றி எக்கியது.

நின்றது.

மருதையனுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"மந்திரமா அம்மை? என்ன பண்ணினீங்க?"

"அவ முழங்காலைப் பாரு."

பார்த்தான். இரண்டு முழங்காலும் கறுத்துக் காய்ப்பேறியிருந்தன. எத்தனையோ மாதமாகச் சுமந்த பிள்ளை. முழங்காலை அவன் பார்த்ததில்லை.

"இது... எப்படி?"

"நீ சந்தைக்குப் போற நாளெல்லாம் காத்தாயி இவளைத் தூக்கிக்கிட்டு இங்கே வருவா. இதே தரையிலதான் விடுவா."

மருதையனுக்கு மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. போய் அம்மையைக் கேளு என்று சொன்னபோது, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இந்தப் படிகிட்டயா? தண்ணிகிட்டயா? ஒண்ணைப் பறிகொடுத்த பிறகுமா?" அவன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டான். "அவளுக்குப் பயமே இல்லையா அம்மை?"

அம்மை படியேறி வந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தாள். அதுவரை இறுக மூடியிருந்த வலது கையை அவன் முகத்துக்கு நேரே விரித்தாள்.

உள்ளங்கையில் நாலு நகங்கள் பதிந்த தடங்கள். நாலிலும் ரத்தம் கசிந்திருந்தது.

"நான் இவளைப் பெத்தவகூட இல்லை, மருதையா."