மயில் உறங்கிய கை

மேகங்கள் தூங்கி வழியும் மலைநாட்டில், அரண்மனைத் தலைமைச் சமையல்காரர் சபாபதி, கத்தி செய்யும் பேச்சியை அழைத்தார்.

"ராஜாவுக்குச் சமைக்கிற கைக்கு மட்டும் பொருந்துற கத்தி வேணும். தப்பாச்சுன்னா நீ ஊரைவிட்டே ஓடிடணும்!"

"சரிங்கய்யா," என்ற பேச்சி, மறுநாள் விடியலில் மெழுகு உருண்டையோடு சமையற்கட்டுக்குப் போய்க் கை அளவெடுத்தாள்.

விருந்தன்று கத்தி வந்தது. கொம்புப் பிடியில் ஒரு மயில் கண்மூடிக் கனவு கண்டது. ராஜா பார்க்க, சபாபதி வலக்கையால் பிடித்தார். மயிலின் அலகு உள்ளங்கையைக் குத்தியது.

"யார் கைக்குடி செஞ்சே?"

"நீங்க சொன்ன கைக்குத்தான். நான் வந்தப்ப நீங்க தூங்கிட்டிருந்தீங்க. அடுப்படியில உங்க உதவியாள் செங்கமலம் மட்டும்தான் சமைச்சுட்டிருந்தா."

ராஜா செங்கமலத்தை அழைத்தார். அவள் இடக்கைக்காரி. அந்தக் கைக்குள் மயில் சுகமாக அடங்கியது. ஒரு வெங்காயத்தை நறுக்கினாள்.

கண் கலங்கியது சபாபதிக்கு.