ஒரே தட்டில் சொன்ன மரங்கொத்தி

அந்தக் காலத்தில் மரங்கொத்தி ஒரு மரத்தை ஒரே ஒரு தட்டுதான் தட்டும். பறவையும் மிருகமும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேசினதால் சண்டை குறைந்திருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கரடி திட்டிக்கொண்டே வந்து தினையைத் தின்னும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மலையில் யார் மரம் வெட்டப் போனாலும் மரங்கொத்தியைத்தான் கூப்பிடுவார்கள். அது வந்து உட்கார்ந்து அலகால் ‘டொக்’கென்று ஒரு தட்டு தட்டும். "நல்ல மரம், வெட்டு" என்றோ, "உள்ளே புழு தின்னுருக்கு, விட்டுடு" என்றோ சொல்லிவிட்டுப் பறந்துவிடும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தப் பெருமை அதற்குத் தலைக்கேறியிருந்தது. "இன்னொரு தட்டு தட்டிப் பாரேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

அந்த மலையில் கெம்பி என்று ஒருத்தி இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு தம்பி மாதனைத் தூக்கி வளர்த்தவள். மாதன் ஆளாகிவிட்டான். அந்த வருஷம் முதல் முறையாகத் தினைக்காட்டுப் பரணில் அவன் காவல் இருக்க வேண்டும். காவலுக்குப் போகிறவனுக்கு வீட்டார்தான் தங்கள் கையால் வில் செய்து கொடுப்பார்கள். அதில் ஒரு வழக்கம் இருந்தது. செய்தவர் அந்த வில்லை இழுத்துப் பார்க்கக் கூடாது. வாங்கியவனும் பரணில் ஏறி, மிருகம் எதிரே வந்து நிற்கும்போதுதான் முதன்முதலாக இழுக்க வேண்டும். அதற்கு முன்னால் இழுத்தால் வில்லின் முதல் பலம் வீணாகப் போய்விடும் என்று நம்பினார்கள். ஆகவே வில் தாங்குமா தாங்காதா என்பது மரங்கொத்தியின் அந்த ஒரு தட்டில்தான் இருந்தது.

ஓடைக்கரையில் நேராக வளர்ந்த ஒரு தடசு மரத்தைக் கெம்பி பார்த்து வைத்திருந்தாள். மரங்கொத்தியை அங்கே கூப்பிட்டாள்.

"அண்ணே, என் தம்பிக்கு வில்லு. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

மரங்கொத்தி அடிமரத்தில் ஒரு தட்டு தட்டியது. "கண்ணை மூடிக்கிட்டு வெட்டு தாயி. இதைவிட நல்ல மரம் இந்த மலையிலேயே கிடையாது."

கெம்பி மரத்தை வெட்டிப் பிளந்து ஒரு துண்டை எடுத்தாள். நிழலில் உலர்த்தினாள். கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினாள். சொரசொரப்பான இலையால் தேய்த்து, அனலில் வாட்டி, எண்ணெய் பூசினாள். முனைகளில் நாண் மாட்டக் காடி வெட்டினாள். ஆத்தி நாரை முறுக்கி நாண் திரித்தாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். யாராவது கேட்டால், "என் தம்பி பிடிக்கிற வில்லு, சும்மா ஆகுமா?" என்று சிரிப்பாள். கடைசியில் கை பிடிக்கும் இடத்தில் செம்மண்ணைக் குழைத்துப் பூசினாள். பிடிக்கிறவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பூசுவது அது.

மறுநாள் மத்தியானம் மரங்கொத்தி அந்தப் பக்கமாக வந்தது. வில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்து, விளையாட்டாக, செம்மண் பூசிய இடத்தில் ஒரு தட்டு தட்டியது.

‘பொத்’தென்றது.

உள்ளே புழு போன பொந்து இருந்தது. அடிமரத்தில் கேட்காத சத்தம் இங்கே கேட்டது.

"என்னண்ணே, அப்படியே உட்கார்ந்துட்டீங்க?" என்றாள் கெம்பி.

"ஒன்னுமில்லை தாயி. வில்லு அழகா இருக்கு."

சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது. பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ‘சின்னப் பொந்துதானே, தாங்கிவிடும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. மரங்கொத்திக்கே தப்பிவிட்டது என்று மலை முழுக்கச் சிரிக்குமே என்ற பயம்தான் உண்மையான காரணம்.

வில் கொடுக்கும் நாள் வந்தது. ஊரே கூடியிருந்தது. மாதன் வில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அக்கா, இதை வெச்சு யானையையே விரட்டிடுவேன்" என்றான். "போடா, முதல்ல பன்னியை விரட்டு" என்றாள் கெம்பி, கண் கலங்கிக்கொண்டே. "மரம் பார்த்துச் சொன்ன அண்ணனுக்கும் ஒரு கும்பிடு போடுடா" என்றாள். மாதன் கிளையைப் பார்த்துக் கும்பிட்டான். மேலே உட்கார்ந்திருந்த மரங்கொத்தி அலகைத் திறந்தது. அப்புறம் மூடிக்கொண்டது.

அன்று ராத்திரி மாதன் பரணில் காவலுக்கு ஏறினான். விடிகிற நேரத்தில் தினைக்குள் கரடி இறங்கியது. மாதன் அதட்டிப் பார்த்தான். அது திட்டிக்கொண்டே நேராகப் பரணைப் பார்த்து வந்தது. ஏறத் தொடங்கியதும் மாதன் அம்பைப் பூட்டி நாணை இழுத்தான். செம்மண் பூசிய இடத்தில் வில் முறிந்தது.

சத்தம் கேட்டுக் கெம்பி ஓடி வந்தபோது கரடி போய்விட்டிருந்தது, மாதனுக்கு மூச்சில்லை. அவனை மடியில் போட்டுக்கொண்டு, முறிந்த துண்டைக் கையில் எடுத்தாள். உள்ளே புழு போன தடம் தெரிந்தது. மரங்கொத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் தாயி. வில்லு வெயில்ல காஞ்சப்பவே தெரியும்."

கெம்பி கல்லை எடுக்கவில்லை, சாபம் விடவில்லை. வில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மரம் வெட்டியிருப்பேனே, அண்ணே. எனக்கென்ன கை வலிச்சிருமா?"

மரங்கொத்தி அந்தத் துண்டில் தலையை மோதி மோதி அழுதது. செம்மண் தலையில் அப்பிக்கொண்டது. எத்தனை மழை பெய்தும் அது போகவில்லை. அதன் பேச்சும் அன்றோடு நின்றுபோனது.

அந்த மலையில் இன்றைக்கும் வில் செய்து கொடுப்பவர் முதலில் தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார். மரங்கொத்தியும் அன்று முதல் எந்த மரத்தையும் ஒரு தட்டோடு விடுவதில்லை. அடியிலிருந்து நுனிவரை தட்டுகிறது, தலையைச் சாய்த்துக் கேட்கிறது, மறுபடியும் தட்டுகிறது. இப்போது யாரும் அதனிடம் மரம் பார்த்துச் சொல்லக் கேட்பதில்லை.