ஒரு விரல் இடைவெளி

"மாஸ்டர், வண்டிய எவ்வளவு எறக்கோணுங்க?"

சென்னியப்பன் இதைக் காலையிலும் கேட்டார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடும் கேட்டார். பட்டறையில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

மாஸ்டர் என்பது தாமரைச்செல்வி. ஒரு காலத்தில் பந்தயத்தில் கார் ஓட்டியவர். இப்போது கோவையில் பந்தயக் கார்களின் ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கி, தரையிலிருந்து உயரம் வைத்துக் கொடுக்கிறார். வயதில் சென்னியப்பனைவிட ரொம்பச் சின்னவர். அதனால் இந்தக் குரு சீடனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங்கண்ணா, ஆளு நிக்காம பொடவைக்குக் கொசுவம் வைக்க முடியுங்களா? ஓட்டறவரு ஏறி உக்காரட்டும். அப்பறம் கேளுங்க."

பட்டறையின் வழக்கம் அது. ஆள் ஏறினால் வண்டி தாழும் என்பதால் காலி வண்டிக்கு யாரும் உயரம் வைப்பதில்லை. ஓட்டுபவர் ஊரில் இல்லையென்றால், அவர் எடைக்கு மணல் மூட்டை கட்டி இருக்கையில் வைப்பார்கள்.

சென்னியப்பன் இறக்கப் பார்த்தது ஒரு சிவப்புக் கார். அதை வாங்கியது அவர் தம்பி மயில்வாகனம். ஆசை ஆசையாகப் பிரித்துப் போட்டான். பூட்டுவதற்குள் மஞ்சள் காமாலை அவனை வாரிக்கொண்டு போய்விட்டது.

"டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு வெரல்தான் போகோணும்ணா" என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

மளிகைக் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, ஐம்பது வயதில் சென்னியப்பன் ஸ்பேனர் பிடிக்க வந்தது இதற்காகத்தான். அந்த வண்டி ஒரு நாளாவது தெருவில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைப்பார். அந்த முகம் இனி இல்லை என்பது அப்புறம்தான் உறைக்கும்.

அவர் மணல் மூட்டை கட்டினார். தராசில் வைத்தார். கொஞ்சம் மணலை அள்ளி வெளியே போட்டார். இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டார்.

சாயங்காலம் வரை ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டினார். இறக்கினார், அளந்தார், மறுபடி இறக்கினார். கடைசியில் ஒரு விரல் மட்டும் நுழைந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மாஸ்டர், வந்து பாருங்க."

மாஸ்டர் விரலை விட்டுப் பார்த்தார்.

"அளவு சரிதானுங்க."

"அப்ப முடிஞ்சுதுங்களா?"

"மூட்டை யாரு எடைங்கண்ணா?"

சென்னியப்பன் கையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த கையை மறுபடியும் துடைத்தார்.

"மயிலு எடைங்க. காமாலை வர்றதுக்கு முன்னால இருந்தது."



"நாளைக்கு இத யாருங்க ஓட்டறது?"

"நாந்தானுங்க."

"நீங்க அவரவிடக் கனமுங்க. நீங்க ஏறுனா டயரு மட்கார்டுல ஒரசும். மொத வேகத்தடையிலயே கிழிச்சுரும்."

"ஒரசட்டுங்க! அவங் கேட்டது ஒரு வெரலு. அரை வெரலு ஏத்தக்கூட எனக்கு மனசு வராதுங்க."

"அப்ப வண்டி இங்கயே நிக்கட்டும். மூட்டையும் அதுலயே இருக்கட்டும். தெனமும் வந்து பாத்துட்டுப் போங்க."

கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. அதுதான் சென்னியப்பனைச் சுட்டது.

பட்டறையில் மற்றவர்கள் கை கால் கழுவிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மாஸ்டர் மட்டும் கிளம்பவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் கதவைத் திறந்தார். பெல்ட்டைக் கழற்றக் கை வரவில்லை. பூட்டு இறுக்கம் என்று முணுமுணுத்தார். பூட்டு இறுக்கமாக இல்லை.

கழற்றினார்.

மூட்டையை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் படியில் தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அவன் இதில் பாதிகூட இல்லை. அதை நினைத்ததும் வாய்விட்டு அழுதார்.

மாஸ்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

மூட்டையைச் சுவரோரம் மெல்லக் கிடத்திவிட்டு, சென்னியப்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டி தாழ்ந்தது. உடனே எட்டிப் பார்த்தார். டயருக்கு மேலே விரல் நுழைய இடம் இல்லை.

"தப்பாப் போச்சுங்களே" என்று பதறி ஒரு காலை வெளியே வைத்தார்.

அதற்குள் மாஸ்டர் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்து தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். வண்டிக்கடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நீங்க எந்திரிக்காதீங்கண்ணா. ஒரு வெரலு போற வரைக்கும் நான் ஏத்தறேன்."